ஆதென்டிசிட்டி: போர் ஊர்திகளுக்கு ‘நம்பகத்தன்மை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அருங்காட்சியகங்களில் உள்ள போர் ஊர்திகளைப் பற்றி எழுதும்போது, ஒரு பொருள் எந்த அளவு அசல் என்பதைக் குறிக்கும் ஆதென்டிசிட்டிக்கு ‘நம்பகத்தன்மை’ போதும் என்று இந்த இழையில் பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. ‘டாங்கியின் நம்பகத்தன்மை’ என்றால் அது வழியில் பழுதாகி நிற்காமல் ஓடுமா என்றுதான் தோன்றும். ரிலையபிலிட்டிக்கு அந்தச் சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

சரி, ‘உண்மைத்தன்மை’? சான்றிதழுக்குப் பொருந்தும். அங்கே உண்மை அல்லது போலி, இரண்டில் ஒன்றுதான் விடை. ஊர்திக்கு அப்படி ஒரே விடை கிடைப்பதில்லை.

இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் டைகர் 131 என்ற ஜெர்மன் டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றியது. அது வந்த வழியில் ஐயமே இல்லை. ஆனால் அதன் எச்.எல்.210 எஞ்சினைக் காட்சிக்காக வெட்டித் திறந்துவிட்டார்கள். பிறகு ஓட வைத்தபோது பொருத்தியது வேறு மாதிரியான எச்.எல்.230 எஞ்சின். இதைப் போலி என்று யார் சொல்வார்? முழுக்க அசல் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் பி9374 இதைவிடச் சிக்கல். 1940 மே மாதம் பிரான்சின் கலே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்த விமானம். 1980-இல் வெளிப்பட்டு, 2011-இல் மறுபடி பறந்தது. இன்று பறக்கும் உடலில் பெரும்பகுதி புதிதாகச் செய்தது. வரலாறு பழையது, உலோகம் புதியது.

இதற்கு நான் முன்வைக்கும் சொல் ‘மெய்ம்மை’. தமிழில் மெய் என்றால் உண்மை, உடலும் மெய்தான். அருங்காட்சியகப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. அதை இப்படிப் பிரிக்கலாம்: பாகங்கள் அக்காலத்தவையா என்பது பொருள்மெய்ம்மை, வண்ணமும் குறிகளும் அக்காலத் தோற்றத்தில் இருக்கின்றனவா என்பது தோற்றமெய்ம்மை, சொல்லப்படும் கதை இந்த வண்டியுடையதுதானா என்பது வரலாற்றுமெய்ம்மை. ப்ராவெனன்ஸ், அதாவது பொருள் எங்கிருந்து யார் கைவழி வந்தது என்ற பதிவு, இந்த மூன்றாவதற்கான சான்று. அதற்கு ‘வந்தவழி’ என்ற எளிய சொல்லே போதும்.

பிரிப்பதால் பயன் உண்டா என்று கேட்கலாம். உண்டு. காந்தக் கண்ணிவெடிகள் ஒட்டாதிருக்க ஜெர்மானியர் பூசிய சிம்மரிட் பசை, ஆலைகளில் 1943-இன் பிற்பகுதி முதல் 1944 செப்டம்பர் வரைதான் இருந்தது. 1943 வசந்தத்தில் கைப்பற்றியதாகச் சொல்லும் டாங்கியில் ஆலைப் பூச்சாக அதைக் காட்டினால், டாங்கி அசலாக இருந்தாலும் தோற்றமோ கதையோ பிழை. ஜீப்பில் நேர்மாறு. அதை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு நிறுவனங்களும் தயாரித்தன. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலைகளில்கூட, ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. வில்லிஸ் ஜீப் என்று எழுதியிருக்கும் வண்டியில் அந்த எழுத்து தென்பட்டால் பொருள்மெய்ம்மையில்தான் கேள்வி. ஆனால் போர்க்களத்துப் பட்டறையிலேயே பாகம் மாறியிருக்கலாம். அப்படியானால் அந்த மாற்றமும் வண்டியின் வரலாறுதான். இந்த நுணுக்கத்தை ‘நம்பகத்தன்மை’ எப்படித் தாங்கும்?

மெய்ம்மை ரியாலிட்டிக்கும் வழங்குகிறதே என்ற மறுப்பு நியாயமானது. முன்னொட்டு சேர்ந்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், வினைச்சொல்லும் வேண்டும். ‘மெய்ப்பு பார்த்தல்’ அச்சுப்பிழை திருத்துவதற்குப் போய்விட்டது. ‘மெய்காணல்’ எனக்குப் பிடித்திருக்கிறது: “நிபுணர்கள் இந்த ஊர்தியை மெய்கண்டனர்.” காதுக்கு எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.