போர்வெல் மோட்டார் எரிஞ்சு போச்சு: கடையில 2 ஹெச்பி போடச் சொல்றாங்க, நம்பலாமா?

திருப்பூர்_மேற்கு (கேள்வி)

வீட்டு போர் மோட்டார் காயில் எரிஞ்சிடுச்சு. புதுசு வாங்கணும். ரெண்டு கடையில கேட்டேன், ரெண்டு பேரும் எதிரும் புதிருமா சொல்றாங்க. எதை நம்புறதுன்னு தெரியலைங்க.

விவரம்: ஆறரை இஞ்ச் போர், ஆழம் 420 அடி. மோட்டார் இருந்தது 280 அடியில. பழசு 1 ஹெச்பி, சிங்கிள் பேஸ், 9 வருஷம் ஓடிச்சு. மாடியில 1000 லிட்டர் டேங்க், தரையிலிருந்து 30 அடி உயரம். மழைக்காலத்துல 40 நிமிஷத்துல டேங்க் நிறையும். ஏப்ரல், மேயில 45 நிமிஷத்துல முக்கால் டேங்க்தான் ஏறும், அதுக்கு மேல காத்து கலந்து வரும்.

முதல் கடை: "420 அடி போருக்கு 1 ஹெச்பி பத்தாது, 2 ஹெச்பி போடுங்க, தண்ணி பிச்சுக்கிட்டு வரும். ஆயில் மோட்டார் எடுத்துக்கோங்க, பராமரிப்பே இல்லை. ஒயர் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போதும். பழைய பேனலையே (ஸ்டார்ட்டர் பெட்டி) வச்சுக்கலாம்."
ரெண்டாவது கடை: "1 ஹெச்பியே போதும்." ஏன்னு கேட்டா, "நாங்க சொல்றோம்ல" அப்படிங்கறாங்க.

எந்தக் கடைக்காரர் சொல்றது சரி? வீட்டுல 5 பேர்.

ஊத்துக்கண் (பதில்)

ரெண்டாவது கடை சொன்னது உங்களுக்குப் பொருந்தும். ஆனா காரணம் சொல்லாம சரியாச் சொன்னதும் குத்துமதிப்புதான். உங்க போரைப் பத்தின கணக்கு கடையில இருக்காது, உங்ககிட்டதான் இருக்கு. ரெண்டு கடையிலயும் தண்ணி மட்டம் எத்தனை அடின்னு உங்களை யாரும் கேக்கலை பாருங்க. அதைக் கேக்காம ஹெச்பி சொல்ற ஆள் யாரா இருந்தாலும் ஊகத்துலதான் சொல்றார்.

போர் 420 அடிங்கறதுக்கும் ஹெச்பிக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. மோட்டார் எவ்வளவு ஆழத்துல தொங்குதுங்கறதும் அப்படித்தான். ஓடும்போது தண்ணி மட்டம் எங்க நிக்குதோ அங்கிருந்து டேங்க் வரைக்கும் உள்ள உயரம்தான் பம்புக்குச் சுமை. மோட்டாருக்கு மேல நிக்கிற தண்ணியைத் தூக்க பம்பு தனியா பாடுபட வேண்டியதில்லை.

இப்போ மோட்டார் மேல இருக்கறதால மட்டத்தை அளக்க இதுதான் நேரம். சின்ன பாட்டில்ல பாதி மணல் போட்டு, நைலான் கயித்துல கட்டி இறக்குங்க. தண்ணியைத் தொட்டதும் கயிறு தளரும். அந்த இடத்துல முடிச்சுப் போட்டு மேல எடுத்து டேப்ல அளங்க. காலையில, ராத்திரி முழுக்க போர் ஓய்ஞ்ச பிறகு அளக்கணும். கோடையில மட்டம் எவ்வளவு இருந்துச்சுன்னு ஏதாவது குறிப்பு இருந்தா அதையும் சொல்லுங்க.

திருப்பூர்_மேற்கு

அளந்தாச்சு. 118 அடி. முந்தி ஒரு மே மாசம் நான்-ரிட்டர்ன் வால்வு மாத்த ஏத்தினப்போ 200 அடின்னு மோட்டார் எடுக்கற ஆள் பில்லு பின்னாடி எழுதி வச்சிருக்கார்.

ஊத்துக்கண்

அந்த ரெண்டு எண்ணும் போதும், கணக்கு கிடைச்சிடுச்சு.

ஆறரை இஞ்ச் போர்ல ஒரு அடிக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் தண்ணி நிக்கும். கோடையில 200 அடியிலிருந்து மோட்டார் இருக்கற 280 வரைக்கும் 80 அடி, அதாவது 520 லிட்டர் இருப்பு. 45 நிமிஷத்துல டேங்குக்கு 750 லிட்டர் ஏறியிருக்கு. மீதி 230 லிட்டர் அந்த நேரத்துல ஊறி வந்தது. ஆக, கோடையில உங்க போருக்கு ஊத்து மணிக்கு சுமார் 300 லிட்டர்.

இதுல 2 ஹெச்பி போட்டா என்ன ஆகும்? அந்த உயரத்துல மணிக்கு 2200 லிட்டர் கிட்ட இழுக்கும்னு வைங்க. ஊறறது 300 போக, இருப்புலேர்ந்து மணிக்கு 1900 காலியாகும். 520 லிட்டர் 16, 17 நிமிஷத்துல தீர்ந்துடும். அப்புறம் காத்து வாங்கி, புஷ் (சுத்தற ஷாஃப்டைத் தாங்கற வளையம்) தேஞ்சு, மோட்டார் சூடேறும். பெரிய மோட்டார் போட்டதால ஊத்து பெருகாது. வத்துற நேரம்தான் சீக்கிரம் வரும். "தண்ணி பிச்சுக்கிட்டு வரும்"னு சொன்னது முதல் கால் மணி நேரத்துக்கு உண்மைதான். கடையில டெமோ காட்டினாலும் அந்தக் கால் மணிதான் உங்க கண்ணுல படும்.

இப்போ சுமை. இப்போ ஓட ஆரம்பிக்கும்போது 118 + 30 + குழாய் உராய்வுக்கு 15 = 163 அடி, கிட்டத்தட்ட 50 மீட்டர். கோடையில மட்டம் மோட்டார் வரைக்கும் இறங்கினா 280 + 30 + 15 = 325 அடி, 99 மீட்டர். பம்பு இந்த 50 முதல் 99 மீட்டர் வரைக்கும் முழுக்க வேலை செய்யணும். பிளேட்டுல ஹெட் ரேஞ்ச்னு (ஹெட்னா பம்பு தூக்கற உயரம்) போட்டிருக்கும், அது இதை உள்ளடக்கணும்.

கடையில "நல்ல மோட்டார் எது?"ன்னு கேக்காதீங்க. கம்பெனி கேட்லாக்ல டிஸ்சார்ஜ் டேபிள் இருக்கும். அதை விரிச்சு, "50 மீட்டர்ல, 75 மீட்டர்ல, 95 மீட்டர்ல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்?"னு கேளுங்க. மூணு எண்ணும் அச்சுல இருக்கும், யார் வாய்ச்சொல்லும் தேவையில்லை. சில பெட்டி மேல பெருசா "ஹெட் 115 மீட்டர், 3000 லிட்டர்"னு போட்டிருப்பாங்க. அது ரெண்டு வேற வேற முனை. 115 மீட்டர்ல ஒரு சொட்டும் வராது, 3000 லிட்டர் வர்றது ரொம்பக் குறைஞ்ச உயரத்துல. ரெண்டும் சேர்ந்து கிடைக்கும்னு நினைச்சு ஏமாறறவங்க நிறைய.

இன்னொண்ணு. ஸ்டேஜ் (பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளற இம்பெல்லர் சக்கரங்களோட அடுக்கு) தேவைக்கு மேல அதிகமா இருந்தாலும் கெடுதல்தான். ரேஞ்சுக்குக் கீழ இருக்கற ஹெட்ல ஓடினா தண்ணி அளவுக்கு மீறி தள்ளி, ஷாஃப்ட் மேல தூக்கி, இம்பெல்லர் உரசித் தேயும்.

ரீவைண்டிங்_பட்டறை (பதில்)

ஹெச்பி பத்தி மேல சொன்னது சரி. ஆனா மோட்டாரை எரிக்கறது பெரும்பாலும் ஒயரும் பேனலும்தான். கடையில அதைப் பத்திதான் ரெண்டு வார்த்தையில முடிச்சிடறாங்க.

ஒயர் கணக்கு: 280 அடியோட பேனல் வரைக்கும் சேத்து ஏறக்குறைய 100 மீட்டர். போக வர 200 மீட்டர் செம்பு. 1.5 ஸ்கொயர் ஒயர்ல 1 ஹெச்பி 8 ஆம்பியர் இழுத்தா சுமார் 19 வோல்ட் ஒயர்லயே போயிடும். 2.5 ஸ்கொயர்ல 12 வோல்ட், 4 ஸ்கொயர்ல 7 வோல்ட் சொச்சம். சாயங்காலம் வீட்டுக்கு 200 வோல்ட்தான் வருதுன்னா, 1.5ல மோட்டாருக்குக் கிடைக்கறது 181. அதே 1.5 ஒயர்ல 2 ஹெச்பி போட்டா 13, 14 ஆம்பியருக்கு 33 வோல்ட் இறங்கும், மோட்டார் வாயில 167தான். அந்த வோல்ட்ல மோட்டார் இழுக்க முடியாம முக்கி, ஆம்பியர் ஏறி, காயில் வெந்துடும். முதல் கடைக்காரர் சொன்ன ஜோடி, 2 ஹெச்பி கூட 1.5 ஒயர், எரியறதுக்கே சேர்த்து வச்ச மாதிரி. நீங்க 2.5 மூணு கோர் ஃப்ளாட் கேபிள் வாங்குங்க. கேபிள் மேல மீட்டர் கணக்கு அச்சடிச்சிருக்கும், ஆரம்ப எண், முடிவு எண் ரெண்டையும் பார்த்துட்டு வெட்டச் சொல்லுங்க.

பழைய பேனலைப் புது மோட்டாருக்கு மாட்டாதீங்க. ஹெச்பி ஒண்ணா இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கெப்பாசிட்டர் மைக்ரோஃபாரட் மாறும். ஸ்டார்ட், ரன் ரெண்டு கெப்பாசிட்டரும் மோட்டாரோட வர்ற தாள்ல போட்டிருக்கற அளவுலயே இருக்கணும். இல்லேன்னா ஸ்டார்டிங் காயில் முதல்ல போகும்.

பழைய மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க தம்பி. அதைப் பிரிச்சா ஏன் எரிஞ்சுதுன்னு தெரியும். ஸ்டார்டிங் காயில் மட்டும் கருகி, ரன்னிங் காயில் நிறம் மாறாம இருந்தா பேனல் கோளாறு. ரெண்டும் ஒரே சீரா கருகியிருந்தா வோல்டேஜ் கம்மி, இல்லை ஓவர்லோடு. புஷ் தேஞ்சு, ஷாஃப்ட் கையில ஆடுச்சுன்னா தண்ணியில்லாம ஓடியிருக்கு, அல்லது மணல் தின்னிருக்கு. காரணம் தெரியாம புதுசை இறக்கினா அதுவும் அதே வழிதான் போகும்.

ஆயில் மோட்டாருக்குப் பராமரிப்பு இல்லைங்கறது பாதி உண்மை. சீல் போனா எண்ணெய் போர்த் தண்ணியில கலக்கும். அந்தத் தண்ணியைக் குடிக்கறீங்கன்னா வாட்டர் ஃபில்டு (எண்ணெய்க்குப் பதிலா உள்ள தண்ணி நிரப்பின மோட்டார்) நல்லது, ரீவைண்டிங்கும் எந்த ஊர்லயும் பண்ணுவாங்க. ஒரே கவனம்: இறக்கறதுக்கு முன்னாடி மோட்டாருக்குள்ள சுத்தமான தண்ணி முழுக்க ஊத்தணும். ஊத்தி, லேசா அசைச்சு, கால் மணி நேரம் நிறுத்தி வச்சா குமிழ் வெளிய வந்து மட்டம் கொஞ்சம் குறையும். திரும்ப நிரப்பி பிளக்கை இறுக்குங்க. சுத்துதான்னு பார்க்க ஒரு செகண்டு கூட வெறுமனே ஓட்டக்கூடாது. கடையில "இதோ பாருங்க ஓடுது"ன்னு உலர ஓட்டிக் காட்டினா அந்தப் பீஸை வாங்காதீங்க.

கவுன்டர்_15_வருஷம் (பதில்)

கடைப் பக்கத்திலேர்ந்தும் கொஞ்சம் சொல்றேன். கவுன்டர்ல நிக்கறவர் கெட்டவர்னு எடுத்துக்கக் கூடாது. அவருக்கு நல்லாத் தெரியற விஷயம் வேற, தெரியாத விஷயம் வேற.

அவர் வார்த்தையை நம்பலாம்னா: எந்த மாடல் அடிக்கடி திரும்பி வருது, எந்த கம்பெனி சர்வீஸ் ஆள் போன் பண்ணினா வர்றார், எந்த பம்புக்கு இம்பெல்லர், புஷ் உள்ளூர்லயே கிடைக்குது. இதெல்லாம் கேட்லாக்ல இருக்காது, அவர்கிட்டதான் கேக்கணும். "இந்த மாடல் ஸ்பேர் இப்போ உங்க ஸ்டாக்ல இருக்கா, காட்டுங்க"ன்னு கேளுங்க. இருந்தா எடுத்துக் காட்டுவார்.

நம்பாம சரிபார்க்க வேண்டியது ஹெச்பி, ஒயர் அளவு, பைப் கிளாஸ். பெரிய மோட்டார் வித்தா லாபம் கூடங்கறது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். "தண்ணி வரலை"ன்னு நீங்க மறுநாள் சண்டைக்கு வருவீங்கன்னு ஒரு சைஸ் கூட்டிச் சொல்லிடுவாங்க. ஒயர்லயும் பைப்லயும் அதுக்கு நேர்மாறு: பக்கத்துக் கடையைவிட மொத்த பில் கம்மியாத் தெரியணும்னு ஒரு சைஸ் குறைச்சுக் கொடுப்பாங்க. அதனால மொத்த விலையை ஒப்பிடாதீங்க, ஒவ்வொரு வரியா ஒப்பிடுங்க.

பைப்புக்கு ஒரு கணக்கு. 115 மீட்டர் அடைப்பு ஹெட் (தண்ணி வெளிய போகாம நிக்கற உச்ச உயரம்) உள்ள பம்பு, மேல வால்வு மூடியிருந்தா அடிப்பைப்புல 11 கிலோவுக்கு மேல அழுத்தம் கொடுக்கும். பிஎன் 6 (6 கிலோ அழுத்தம் தாங்கற கிளாஸ்) ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் பைப் போட்டா வெடிக்கலாம். 32 எம்எம், பிஎன் 12.5 கேளுங்க. பைப் மேலயே அச்சு இருக்கும், அதைப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

பம்புசெட் பிளேட்டுல ஐஎஸ் 8034 (சப்மெர்சிபிள் பம்புசெட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையும் சிஎம்/எல் எண்ணும் (லைசன்ஸ் எண்) இருக்கான்னு பாருங்க. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா லைசன்ஸ் யாருக்கு, எந்தப் பொருளுக்குன்னு கடையில நின்னுக்கிட்டே தெரிஞ்சுக்கலாம். பில்லுல மாடல், ஸ்டேஜ், சீரியல் எண் மூணும் எழுதி வாங்குங்க. வெறும் "சப்மெர்சிபிள் 1 எண்ணம்"னு பில் போட்டா வாரண்டி நேரத்துல திண்டாட்டம். ஜிஎஸ்டி பில் இருந்து கடை கைவிரிச்சா, நுகர்வோர் உதவி எண் 1915.

திருப்பூர்_மேற்கு

எல்லாருக்கும் நன்றிங்க. பழசைப் பட்டறையில பிரிச்சுப் பார்த்தாச்சு: ரெண்டு காயிலும் சீரா கருகியிருக்கு, கீழ் புஷ்ஷும் தேஞ்சிருக்கு. ஒயர் 1.5தான் இருந்திருக்கு. ரெண்டாவது கடையில கேட்லாக் கேட்டேன், உடனே எடுத்துக் கொடுத்தார். 1 ஹெச்பி 15 ஸ்டேஜுக்கு 50 மீட்டர்ல நிமிஷத்துக்கு 33 லிட்டர், 75ல 24, 95ல 10. இது சரியா வருமா? மோட்டாரை 360 அடிக்கு இறக்கினா கோடையில தண்ணி கூடக் கிடைக்குமா?

ஊத்துக்கண்

சரியா வரும். 99 மீட்டர் கிட்ட கொஞ்சம் சொட்டும், அது நல்லதுதான், ஊத்துக்கு ஏத்த வேகம்.

360 அடிக்கு இறக்கினா இன்னொரு 520 லிட்டர் இருப்பு கிடைக்கும். ஆனா கடைசியில சுமை 405 அடி, 123 மீட்டருக்குப் போகும். இந்த 15 ஸ்டேஜ் அங்க தூக்காது. 1.5 ஹெச்பி, அதிக ஸ்டேஜ் தேவைப்படும், ஒயரும் 4 ஸ்கொயர் ஆகும். அது பெரிய மோட்டாருக்கு ஒரு நியாயமான காரணம், "420 அடி போர்"ங்கறது காரணமே இல்லை. உங்களுக்கு அது தேவைப்படாது. மணிக்கு 300 லிட்டர் ஊறினா போர் திரும்ப நிறைய 2 மணி நேரம் கிட்ட ஆகும். காலையில 750, சாயங்காலம் 750 எடுத்தா 5 பேருக்குத் தாராளம்.

ரீவைண்டிங்_பட்டறை

கருகினது வோல்டேஜால, புஷ் தேஞ்சது கோடையில காத்து வாங்கினதால. அப்போ 2.5 ஒயர் கூட ஒரு ட்ரை ரன் கட்டும் (தண்ணியில்லாம ஓடினா மோட்டாரைத் தானா நிறுத்தற கருவி) சேத்து வாங்கிடுங்க. அதைக் கடை ஆள் வச்சுக் கொடுக்கற செட்டிங்லயே விட்டுடாதீங்க. க்ளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுத்திப் பிடிச்சு ஆம்பியர் அளக்கற மீட்டர்) வச்சு, தண்ணி முழுசா வரும்போது எத்தனை ஆம்பியர், காத்து கலக்கும்போது எத்தனைன்னு குறிங்க. ரெண்டுக்கும் நடுவுல கட் ஆகற மாதிரி வைங்க. திரும்ப ஓடற டைமரை 2 மணி நேரத்துக்குக் குறையாம வைங்க. இப்போ மட்டம் 118ல இருக்கறதால காத்து வராது. அதனால முதல் அளவை மட்டும் இப்போ எழுதி பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க, ரெண்டாவதை ஏப்ரல்ல அளந்து செட்டிங்கை மாத்துங்க.