தூதர் வேலை உண்மையில் என்ன? பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மதிவாணி:

வணக்கம். வெளியுறவுப் பணித் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படிக்கிறேன். போன தடவை நேர்முகம் வரை போனேன். அங்கே ஒருவர், “தூதர் என்ன செய்வார்?” என்று கேட்டார். நாட்டின் பிரதிநிதி, பேச்சுவார்த்தை, நல்லுறவு என்று மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன். “அது சரி, காலையில் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்ததும் என்ன செய்வார்?” என்றார். வாயடைத்துப் போனேன்.

வீட்டிலோ, “நாடு நாடாகப் போய் விருந்தில் கைகுலுக்குவதுதானே?” என்கிறார்கள். தலைவர்களே போனை எடுத்து நேரே பேசிக்கொள்ளும் காலத்தில் நடுவில் ஒரு தூதர் எதற்கு என்று தம்பி கேட்கிறான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தில் இருப்பது வேண்டாம். உள்ளே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற செயலர்:

அம்மா மதிவாணி, நான் தூதர் இல்லை. தூதரகங்களில் 26 வருஷம் வேலை பார்த்தவன். அதில் கடைசி 14 வருஷம் தூதரின் தனிச் செயலர். நான்கு தூதர்கள். அவர்கள் அறைக் கதவை ஒட்டித்தான் என் மேசை. எந்த நாடு, யார் என்று சொல்ல மாட்டேன். அன்று எழுதிக் கொடுத்த உறுதிமொழி ஓய்வுக்குப் பிறகும் என்னைக் கட்டும்.

முதலில் ஒருவர் எப்படித் தூதர் ஆகிறார் என்று பாருங்கள். அரசாங்கம் நியமித்துவிட்டால் போதாது. போகிற நாட்டிடம் ரகசியமாகப் பெயரை அனுப்பிச் சம்மதம் கேட்க வேண்டும். ‘அக்ரேமான்’ என்பார்கள். நாடுகளுக்கிடையே தூதரக உறவுகளுக்கு விதி வகுக்கும் 1961 வியன்னா உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு இது. வேண்டாம் என்றால் அந்த நாடு காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்று எழுதவும் மாட்டார்கள், பேசாமல் இருந்துவிடுவார்கள். நான் பார்த்த ஒருவர் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு இரண்டரை மாதம் காத்திருந்தார். அந்த நாட்களில் அவர் அறையில் போன் அடித்தால் எங்கள் எல்லோர் கையும் ஒரு நிமிஷம் நின்றுவிடும்.

சம்மதம் வந்து, போய் இறங்கினாலும் பல நாடுகளில் அரசுத் தலைவர் கையில் நியமனக் கடிதத்தைக் கொடுக்கும் வரை தூதர் முழுத் தூதர் இல்லை. கடிதம் இருக்கும் உறை ஒட்டி முத்திரையிட்டிருக்கும். அதன் நகலை முன்கூட்டியே வெளியுறவு அமைச்சகத்தில் கொடுத்துவிடுவோம். இரண்டு நாள் முன்னால் மாலையில், ஆபீஸ் தாழ்வாரத்தில் வெற்று உறையை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்போம். அரசுத் தலைவராக நான் நிற்பேன். எத்தனை அடி நடப்பது, எங்கே நிற்பது, எந்தக் கையால் நீட்டுவது. முப்பது வருஷ அனுபவமுள்ள மனுஷர், நான்காவது தடவையும் உறையைத் தலைகீழாக நீட்டினார். மறுபடி வாசல்வரை போய் முதல் அடியில் இருந்து தொடங்கினார்.

அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியை நான்தான் ஒவ்வொரு தடவையும் சரிபார்ப்பேன். நாட்டுக்கு நாடு வாசகம் கொஞ்சம் மாறும், சாரம் ஒன்றுதான்: ‘எங்கள் பெயரால் இவர் சொல்வதையெல்லாம் முழுமையாக நம்பும்படி வேண்டுகிறோம்.’ உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த வரியில் இருக்கிறது, அம்மா. இவர் சொன்னால் அது எங்கள் சொல் என்று அந்த நாடு நம்ப வேண்டும். இவர் எழுதினால் அங்கே அப்படித்தான் பேசினார்கள் என்று நம் தலைநகர் நம்ப வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் அவர் அங்கே இருப்பதில் பயனில்லை.

காலையில் என்ன செய்வார் என்றால், படிப்பார். ராத்திரி தலைநகரிலிருந்து வந்த கேபிள்கள், அதாவது அரசாங்கத்தோடு பரிமாறும் ரகசியச் செய்திகள், அப்புறம் அந்த ஊர்ப் பத்திரிகைகள். எட்டரைக்கு அதிகாரிகள் கூட்டம். அப்புறம் யாரையாவது பார்க்கப் போவார், இல்லை யாராவது வருவார்கள். மத்தியானத்துக்குப் பிறகு எழுதுவார். பத்திரிகையில் வந்ததைத் திருப்பி எழுதினால் தலைநகரில் மதிக்க மாட்டார்கள். கேட்டபோது அமைச்சர் உடனே பதில் சொன்னாரா, பக்கத்தில் இருந்த அதிகாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

விருந்து என்று வீட்டில் சொல்வதற்கு வருகிறேன். ஒரு நாள் ராத்திரி 10.40க்கு அப்படி ஒரு விருந்திலிருந்து என் தூதர் திரும்பி வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் என்னை எழுதச் சொன்னார். இரண்டரை மணி நேரம் ஒரே கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே கேள்வியை நான்கு பேரிடம் நான்கு விதமாகக் கேட்டுவிட்டு வந்திருந்தார். ‘அமைச்சர் பரிசீலிப்பதாகச் சொன்னார்’ என்று எழுதினேன். நிறுத்தச் சொன்னார். அந்த ஊர் மொழியில் அதற்கு இரண்டு சொல் உண்டு. ஒன்று நிஜமாகவே பரிசீலிப்பது, மற்றது ஆளை அனுப்பி வைப்பது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அமைச்சர் சொன்ன சொல்லை அந்த மொழியிலேயே எழுதச் சொல்லி, பக்கத்தில் பொருளையும் போடச் சொன்னார். இரண்டாவது சொல். மூன்று வரிக் கேபிள் அது. அந்த மூன்று வரியால் எங்கள் பக்கம் ஒரு குழுவின் பயணமே நின்றது.

இனி உங்கள் தம்பியின் கேள்வி. 1962இல் வாஷிங்டனுக்கு சோவியத் தூதராகப் போனவர் அனத்தோலி தோப்ரினின். கியூபாவில் ஏவுகணை வைப்பதை அவருடைய அரசாங்கமே அவரிடம் சொல்லவில்லை. அக்டோபர் 22 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் கூப்பிட்டு, ஜனாதிபதி கென்னடி அன்றிரவு பேசப்போகும் உரையைக் கையில் கொடுத்தபோதுதான் அவருக்கு விஷயமே தெரியும். அதுவரை இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த அறையில் அவர் நின்றிருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் ஐந்தே நாளில், 27ஆம் தேதி ராத்திரி, துருக்கியில் இருக்கும் அமெரிக்க ஏவுகணைகளை எடுப்பது பற்றி ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி பேசியது அவரிடம்தான். கேட்டதைத் தன் அரசாங்கத்துக்கு அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று அங்கே நம்பினார்கள். அன்றைக்கு மாஸ்கோவுக்குத் தந்தி கொடுக்க சைக்கிளில் வரும் வெஸ்டர்ன் யூனியன் ஆளிடம்தான் தாளைக் கொடுத்து அனுப்ப வேண்டும். அவன் வழியில் எங்கும் நிற்காமல் போக வேண்டுமே என்று தவித்திருக்கிறார்கள். தோப்ரினின் 1986 வரை அங்கேயே இருந்தார். 24 வருஷம், ஆறு ஜனாதிபதிகள். தலைவர்களுக்கு நடுவே நேரடித் தொடர்பு வந்தது அந்த நெருக்கடிக்கு அடுத்த வருஷம், 1963இல். அதன் பிறகும் அவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் கென்னன் 1952இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர். ரஷ்யாவை அவரளவு படித்தவர்கள் அன்றைக்கு அமெரிக்காவில் குறைவு. செப்டம்பரில் பெர்லின் விமான நிலையத்தில் ஒரு நிருபர் மாஸ்கோ வாழ்க்கையைப் பற்றிக் கேட்டார். நாஜி ஜெர்மனியில் தன்னை அடைத்து வைத்திருந்த நாட்களோடு அதை ஒப்பிட்டுச் சொல்லிவிட்டார். அக்டோபர் தொடக்கத்தில் சோவியத் அரசு அவரை ‘ஏற்க முடியாதவர்’ என்று அறிவித்தது. திரும்ப உள்ளே விடவில்லை. போய்ச் சேர்ந்து ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

ஏழு பள்ளிக்கூடம்:

மதிவாணி, செயலர் ஐயா ஆபீஸ் பக்கம் சொல்லிவிட்டார். நான் வீட்டுப் பக்கம் சொல்கிறேன். என் அப்பா மூன்று நாடுகளில் தூதராக இருந்தார். நான் ஏழு பள்ளிகளில் படித்தேன்.

தூதர் இல்லத்தில் கீழ்த்தளம் அரசாங்கத்தினுடையது, மாடிதான் எங்களுடையது. நாற்காலிக்கு அடியில், கண்ணாடிக்குப் பின்னால், எல்லாவற்றிலும் ஒரு எண் ஒட்டியிருக்கும். மாற்றலாகும்போது பட்டியலை வைத்துக்கொண்டு ஸ்பூன்வரை எண்ணுவார்கள். சின்ன வயதில் என் கட்டிலுக்கு அடியில் இருந்த எண்ணை நான் மனப்பாடமாகச் சொல்வேன். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பெட்டி. போகும் ஊரின் மொழி வாயில் வர ஒன்றரை வருஷம், சிநேகிதி கிடைக்க இரண்டு வருஷம், அப்புறம் கிளம்ப வேண்டியதுதான்.

என் அம்மா கட்டடப் பொறியாளர். தூதரின் மனைவி அந்த நாட்டில் வேலை பார்க்க வேண்டுமென்றால் இரண்டு நாட்டுக்கும் நடுவில் அதற்கென்று ஏற்பாடு இருக்க வேண்டும். இரண்டு இடங்களில் அது இல்லை. மூன்றாவது இடத்தில் இருந்தது, ஆனால் அதற்குள் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. நேர்முகத்தில் “இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டதாக வந்து சொன்னார். அன்று ராத்திரி அம்மா தன் பழைய வரைபடங்களை எல்லாம் மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசவில்லை.

பாட்டி இறந்தபோது அப்பாவால் போக முடியவில்லை. நம் நாட்டு அமைச்சர் மறுநாள் வந்து இறங்குவதாக இருந்தது. அப்பா அவரை வரவேற்று, மூன்று நாள் கூடவே இருந்து, வழியனுப்பிவிட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். அப்பா மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஆனால் தேர்வு எழுதுவதற்கு முன்னால் கல்யாணம், பிள்ளை, பெற்றோர் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசிவிடு, மதிவாணி. இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

நேர்கோடு:

சிரமம் இருக்கலாம். ஆனால் வரி கிடையாது, போலீஸ் தொட முடியாது, கோர்ட்டுக்குக் கூப்பிட முடியாது. இந்தச் சலுகை யாருக்குக் கிடைக்கும்?

ஓய்வுபெற்ற செயலர்:

ஐயா, வரிவிலக்கும் முழுசு இல்லை. கடையில் விலையோடு சேர்ந்து வரும் வரியை அவரும் கட்டத்தான் வேண்டும். பாதுகாப்பு உண்டு, வியன்னா உடன்படிக்கையின் 29, 31ஆவது பிரிவுகள். ஆனால் அது தூதரின் சொத்து இல்லை, அவரை அனுப்பிய நாட்டினுடையது. நாடு நினைத்தால் 32ஆவது பிரிவின்படி அதை எடுத்துவிடலாம். அவராக விட்டுக்கொடுக்கவும் முடியாது, பிடித்துவைத்துக்கொள்ளவும் முடியாது. சொந்த நாட்டுச் சட்டம் எப்போதும் அவர் தலைமேல் இருக்கும். இருக்கும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று 41ஆவது பிரிவும் சொல்கிறது.

இந்தப் பாதுகாப்பு எதற்கு என்று 1973இல் சாந்தியாகோவில் தெரிந்தது. சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் கியூபத் தூதரகத்தின் பொறுப்பை ஸ்வீடன் ஏற்றது. ஸ்வீடன் தூதர் ஹரால்ட் எடெல்ஸ்டாம் அங்கே தன் நாட்டுக் கொடியை ஏற்றி, துரத்தப்பட்டவர்களை உள்ளே வைத்துக் காப்பாற்றினார். அந்த வருஷம் டிசம்பரில் அவரை ‘ஏற்க முடியாதவர்’ என்று வெளியேற்றினார்கள்.

மதிவாணி:

ஐயா, அக்கா, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. மனசாட்சி ஒத்துக்கொள்ளாத ஒன்றைச் சொல்லும்படி தலைநகரில் இருந்து உத்தரவு வந்தால்?

ஓய்வுபெற்ற செயலர்:

வரும். என் மூன்றாவது தூதருக்கு வந்தது. இது தப்பு, இதனால் இன்னின்ன கெடும் என்று அன்றிரவே பதில் எழுதினார். மறுபடி அதே உத்தரவு வந்தது. இன்னொரு தடவை எழுதினார். மூன்றாவது தடவையும் அதே உத்தரவு. காலையில் அமைச்சகத்துக்குப் போய், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு வந்தார். எதிரில் இருந்தவர், “இது உங்கள் சொந்தக் கருத்தா?” என்று கேட்டாராம். “என் அரசாங்கத்தின் கருத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்” என்று முடித்துக்கொண்டார். தாங்கவே முடியாது என்றால் ராஜினாமா செய்யலாம், அப்படிச் செய்தவர்களும் உண்டு. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று சொல்லைத் திரித்துப் பேசுவதைத்தான் என் தூதர்கள் நால்வருமே பாவமாக நினைத்தார்கள்.

அதே மனுஷரைப் பற்றி இன்னொன்று சொல்கிறேன். ஒரு நாள் ராத்திரி 2.10க்கு எனக்குப் போன். நம் நாட்டுப் பையன் ஒருவனை அந்த ஊர் சிறையில் வைத்திருந்தார்கள். அவன் அம்மா பேசினார். கைதானவரைப் பார்க்க, துணைத் தூதரகங்களுக்கான 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு துணைத் தூதரக அதிகாரிக்கு உரிமை தருகிறது. வழக்கமாக அவர்தான் போவார். அன்று அவர் ஊரில் இல்லை, தூதரே கிளம்பினார். “அந்த அம்மா சொன்னதைச் சுருக்காதே, சொன்னபடியே எழுதிக் கொடு” என்றார். அழுகையில் ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொல்லியிருந்தார். மூன்று தடவையும் எழுதினேன்.

பத்து நிமிஷம்தான் அனுமதி. வக்கீல், வழக்கு எண், உடம்பு பற்றியெல்லாம் நான்கு நிமிஷத்தில் கேட்டு முடித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் படித்தார். பையன் தாளைக் கேட்டான். காவலர் தரக்கூடாது என்றார். மீதி நேரத்தில் தூதர் அதை முதலில் இருந்து இன்னொரு தடவை படித்தார்.