சொமாட்டிக் தெரப்பி: தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

பீஷான்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் மூத்தோர் நிலையம் ஒன்றுக்கு மனநலக் கையேடு தயாராகிறது, நான்கு மொழிகளில். தமிழ்ப் பத்தி என் தலையில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மலாய்க்காரர் 'தெராப்பி சொமாட்டிக்' என்று போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். சீனத்தில் நாலே எழுத்து.

சொமாட்டிக் தெரப்பி (கிரேக்கத்தில் சோமா என்றால் உடல்) விஷயம் இதுதான். கொடுமையான எதையோ கடந்து வந்தவரிடம் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கதை கேட்டுத் தொடங்குவதில்லை. இப்போது உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று கவனிக்கச் சொல்கிறார்கள். தாடை இறுகியிருக்கிறதா, மூச்சு எதுவரை இறங்குகிறது, பாதம் தரையில் படுவது தெரிகிறதா. அமெரிக்கரான பீட்டர் லெவின் வளர்த்த முறை இதில் பேர்போனது. நான் 'உடல்சார் சிகிச்சை' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நிலைய ஊழியர் கேட்டார்: "அக்கா, இது மசாஜா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. 'உடற்பிடிப்பு நிலையங்களில் அதிரடிச் சோதனை' என்று செய்தி வாசித்துப் பழகிய ஊர் இது.

தேக்கா ஆசிரியர் எழுதியது:

அம்மா, கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு ஏன் அலைகிறீர்கள்? தொல்காப்பியர் ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறார். "நகையே அழுகை இளிவரல் மருட்கை / அச்சம் பெருமிதம் வெகுளி உவகையென்று / அப்பால் எட்டே மெய்ப்பாடு என்ப." உள்ளத்து உணர்ச்சி மெய்யில் தோன்றுவதால் மெய்ப்பாடு. நீங்கள் சொல்லும் தாடையும் மூச்சும் வேறென்ன? 'மெய்ப்பாட்டுப் பண்டுவம்' என்று வையுங்கள். சிகிச்சை வடசொல், வேண்டாம்.

ஜூரோங் இளையர் எழுதியது:

ஐயா, என் அம்மாச்சிக்கு 78 வயது. பண்டுவம் என்றால் பாண்டவர் கதையா என்று கேட்பார். சொமாட்டிக் தெரப்பி என்றே எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் போட்டால் போதாதா? பஸ், டாக்டர், பேங்க் எல்லாம் அப்படித்தானே வந்தது?

தேக்கா ஆசிரியர் எழுதியது:

> சொமாட்டிக் தெரப்பி என்றே எழுதி

தம்பி, சகரம் எந்த உயிரோடு மொழிக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் சொல்கிறது? அ, ஐ, ஔ. ஒகரம் அதில் இல்லை, ஆகவே 'சொ' வரலாம். அந்த அளவில் பிழைத்தீர்கள். ஆனால் ககர ஒற்றில் சொல் முடியாது. சொமாட்டிக்கு என்று குற்றியலுகரம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் நான்காம் வேற்றுமை போல் நிற்கும். சொமாட்டி யார், அவளுக்கு என்ன தெரப்பி என்று உங்கள் அம்மாச்சி கேட்பார்.

சிராங்கூன் அன்பர் எழுதியது:

சோமா கிரேக்கமே அல்ல, நண்பர்களே. சும > சுமை > சோமை > சோமா. உயிர் சுமக்கும் சுமையே உடல். பாவாணர் வழியில் வேர் பிடித்துப் பார்த்தால் பளிச்சென்று விளங்கும். வடமொழிச் சோமமும் இதில் கிளைத்ததே. சோம்பலையும் ஆராய்ந்து வருகிறேன். நாளை இரவு விரிவாக எழுதுகிறேன்.

செங்காங் யாழ்ப்பாணத்தான் எழுதியது:

வடமொழிச் சோமம் பிழிதல் என்ற வேரில் வருவது. கிரேக்க சோமாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சோம்பலை அப்படியே தூங்க விடுங்கோ.

தலைப்பை விடுத்து உள்ளே ஒரு சொல். கையேட்டில் ட்ரோமாவை (கொடுமை மனத்தில் விட்டுப்போகும் காயம்) 'அதிர்ச்சி' என்று எழுதியிருக்கிறீர்கள். மின்சாரத்துக்கும் அதிர்ச்சி, லாட்டரிக்கும் அதிர்ச்சி. எங்கட பக்கம் 1990களிலேயே மருத்துவர்கள் 'மனவடு' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். போர் நடந்த இடம், சொல் இல்லாமல் சமாளிக்க முடியவில்லை. கிரேக்கத்திலும் காயம் என்றுதான் பொருள்.

ஜூரோங் இளையர் எழுதியது:

வடு என்றால் ஆறிப்போன தழும்பு இல்லையா அண்ணா? ஆறாததுதானே இங்கே பிரச்சினை?

செங்காங் யாழ்ப்பாணத்தான் எழுதியது:

நல்ல கேள்வி. "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே / நாவினாற் சுட்ட வடு." உள்ளே ஆறிவிடுவதால் தீச்சுட்டதைப் புண் என்றும், ஆறாமல் கிடப்பதால் நாச்சுட்டதை வடு என்றும் வள்ளுவர் சொன்னதாகப் பரிமேலழகர் எழுதுகிறார். வெளியே மூடிக்கிடக்கும், உள்ளே ஆறியிருக்காது. இதைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும்?

(தேக்கா ஆசிரியர் இதற்கு மறுப்பே எழுதவில்லை. குழுவில் இது அபூர்வம். – மட்டுறுத்துநர்)

உட்லண்ட்ஸ் ஆலோசகர் எழுதியது:

நான் தமிழாசிரியை இல்லை, மனநல ஆலோசகர். இந்த முறையில் அடிப்படைப் பயிற்சி எடுத்திருக்கிறேன். மூன்று விஷயம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

இதற்கான ஆய்வுச் சான்று வளர்ந்து வருகிறது என்றாலும் இன்னும் குறைவு. மனவடுவை மையமாகக் கொண்ட நடத்தைச் சிகிச்சைக்கு இருக்கும் சான்றோடு ஒப்பிட முடியாது. அதனால் தலைப்பில் 'மருத்துவம்' என்ற சொல் வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் மருந்து கொடுப்பார்கள் என்று நினைத்து வரிசையில் நிற்பார்கள்.

அடுத்தது, ஐயாவின் மெய்ப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மெய்ப்பாடு வெளியே பிறர் கண்ணுக்குத் தெரிவது. எங்களிடம் வருபவர் பலர் அசையாத முகத்தோடு வருகிறார்கள். உள்ளே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், அது அவருக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் சிலருக்கு அதுவும் தெரியாது, மரத்துப்போயிருக்கும். வேட்டைக்குத் தப்பிய மான் உடம்பை உதறிவிட்டுப் போகிறது, மனிதன் அந்த உதறலை அடக்கிக்கொள்கிறான் என்பது லெவின் காட்டும் உதாரணம். தமிழில் 'உதறல் எடுக்குது' என்றால் பயம், 'உதறித் தள்ளு' என்றால் விடுதலை. எந்த அகராதியும் இல்லாமலே நம் வயதானவர்கள் இதைப் பேசுகிறார்கள்: அடிவயிற்றில் புளியைக் கரைக்கிறது, நெஞ்சை அடைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது. கையேட்டுக்குள் இந்த வார்த்தைகளைப் போடுங்கள். தலைப்பு எதுவாகவும் இருக்கட்டும்.

கடைசியாக, நான்காம் பக்கத்தில் 'ஊசலாட்டம்' என்று இருக்கிறதே, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கவனத்தை உடம்பின் இதமான இடத்துக்கும் இறுகிய இடத்துக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோவதைச் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் உயிர்தானே ஊசலாடும்! தாத்தாவுக்கு 'ஊசலாட்டப் பயிற்சி' என்று நிலையத்திலிருந்து கடிதம் போனால் பிள்ளைகள் ஓடிவருவார்கள்.

பீஷான்வாசி எழுதியது:

சிரித்து முடியவில்லை. 'போய்வரல்' என்று மாற்றிவிட்டேன். பாதத்தைத் தரையில் பதித்து நிலைப்படுத்திக்கொள்வதற்கு 'காலூன்றல்' போட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

(இல்லை. பத்து நிமிடத்தில் ஆறு பேர் சரி என்றார்கள். – மட்டுறுத்துநர்)

பீஷான்வாசி மீண்டும் எழுதியது:

தலைப்புக்கு இப்போது களத்தில் இருப்பவை: மெய்ப்பாட்டுப் பண்டுவம், மெய்யுணர் சிகிச்சை, உடல்வழி மனநலச் சிகிச்சை, சொமாட்டிக் தெரப்பி. மெய்யுணர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குறளில் மெய்யுணர்தல் (உண்மையை உணர்தல்) துறவறத்தில் வருகிறது. பிறவிப்பிணி தீர்க்கிறோம் என்று நிலையம் வாக்குக் கொடுக்க முடியாது. எனக்கு உடல்வழி மனநலச் சிகிச்சை. 'மனநல' நடுவில் நிற்பதால் மசாஜ் சந்தேகம் தீரும். நீளம்தான், இரண்டு வரி ஆகும்.

ஜூரோங் இளையர் எழுதியது:

சரி. ஆனால் அடைப்புக்குள் சொமாட்டிக் தெரப்பி என்றும் போடுங்கள். மருத்துவரிடம் போய்ச் சொல்ல அந்தப் பேர்தான் வேண்டும்.

செங்காங் யாழ்ப்பாணத்தான் எழுதியது:

ஆமோதிக்கிறேன், 'மனநலம்' என்பதற்குப் பதில் 'உளவளம்' என்று கேட்கத்தான் ஆசை. நேரம் இல்லை என்று தெரியும்.

சிராங்கூன் அன்பர் எழுதியது:

சுமை பற்றிய என் கட்டுரை இணைப்பில், 11 பக்கம். வாக்கெடுப்பை அதைப் படித்த பிறகு வைத்துக்கொள்ளலாமே?

மட்டுறுத்துநர் எழுதியது:

உடல்வழி மனநலச் சிகிச்சைக்கு எட்டுப் பேர், மெய்ப்பாட்டுக்கு இருவர், சொமாட்டிக் என்றே விடச் சொன்னவர் ஒருவர். இணைப்பு திறக்கவில்லை. பீஷான் அக்கா அனுப்பிவிடலாம்.

தேக்கா ஆசிரியர் எழுதியது:

அனுப்புங்கள், அச்சகம் காத்திருக்காது. இரண்டு குறிப்பு. ஒன்று, நலச் சிகிச்சையில் ச் விடாதீர்கள். போன கையேட்டில் 'மனநல கழகம்' என்று ஒற்றைத் தின்றிருந்தார்கள். இரண்டு, குழுவின் சொற்பட்டியலில் மெய்ப்பாட்டுப் பண்டுவம் என் பெயரில் மாற்றுச் சொல்லாகப் பதிவாக வேண்டும். ஆலோசகர் அம்மா சொன்ன மறுப்புக்குப் பதில் இருக்கிறது: அந்த எட்டையும் சொன்ன தொல்காப்பியர் அதோடு நிறுத்தவில்லை, அவை எந்தெந்த நிலைக்களத்தில் பிறக்கும் என்றும் சொல்கிறார். அச்சம் உட்பட ஒவ்வொன்றுக்கும் நான்கு. புது இழையில் தொடங்குகிறேன்.