வெளியூர் விருந்தினருக்கு நிகழ்ச்சி நிரல் போட்ட அனுபவம் சொல்லுங்க

கோட்டாறுக்காரன்:
டெல்லியிலிருந்து கல்வி நிர்வாகம் பற்றிப் பேச வந்த அதிகாரி. நிரல் சென்னையில் தயாரானது, எனக்கு வாட்ஸப்பில் வந்ததே முந்தின நாள் ராத்திரி. 10 மணிக்கு கல்லூரி முதல்வர், 11.30க்கு மேலாண்மைத் துறை, 2 மணிக்கு தலைமையாசிரியர்கள். தேதி டிசம்பர் 3! நம்ம குமரி மாவட்டத்து ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். உடனே போன் போட்டேன். "எல்லாம் கன்ஃபார்ம் பண்ணியாச்சு" என்று வைத்துவிட்டார்கள். காலையில் போனால் கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு சவேரியார் கோயில் திருவிழால்லா, லீவாக்கும்" என்றார். அதிகாரி கையிலிருந்த தாளையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

தக்கலை டீச்சர்:
எங்களுக்கு அரண்மனை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே பத்மநாபபுரத்தை யாரோ செருகிவிட்டார்கள், அதுவும் திங்கட்கிழமை. அன்றைக்குத் திறக்க மாட்டார்களே. கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது என்றதும், விருந்தினராக வந்த அம்மா, "இது தமிழ்நாடுதானே?" என்றார். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 கதையை வாசலில் நின்றே சொன்னேன். கூட்டத்தில் கேட்காத கேள்வியெல்லாம் அங்கே கேட்டார்.
கோட்டாறுக்காரரே, சென்னையை மட்டும் குறை சொல்லாதீங்க. கல்லூரியில் ஒருத்தராவது லீவு என்று பதில் போட்டிருக்கலாமே?

மார்த்தாண்டம் டிரைவர்:
திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஒரு பேராசிரியரை ஏற்றி, களியக்காவிளை நெரிசலில் மாட்டி, நாகர்கோவில் போய்ச் சேரும்போது கூட்டம் கலைந்திருந்தது. அவ்வளவுதான் என் கதை.
நிரல் போடுகிறவர்கள் ஒன்று கேளுங்க. 70 கிலோமீட்டர்தானே என்று மேப்பைப் பார்த்து நேரம் போடாதீங்க. காலை விமானம் என்றால் முதல் சந்திப்பை மதியத்துக்குத் தள்ளுங்க. டிசம்பர் 3 மாதிரி மார்ச்சில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைக்கும் லீவு விடுவார்கள். கலெக்டர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு தேதி குறிங்க. விவேகானந்தர் பாறையை இரண்டு கூட்டங்களுக்கு நடுவே வைக்கவே வைக்காதீங்க. கடல் உள்வாங்கினால் படகை நிறுத்திவிடுவான், வரிசையில் நிற்பவர் நிற்க வேண்டியதுதான். கண்ணாடிப் பாலம் வந்த பிறகு கூட்டம் இன்னும் மோசம். அப்புறம், சாப்பாட்டுக்கு அரை மணி போதாது. மீன்குழம்பை வைத்துவிட்டு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

கோட்டாறுக்காரன்:
டீச்சர், கல்லூரி பதில் போட்டதாம். அந்த மெயிலை யாரும் திறக்கவில்லை. டிரைவர் அண்ணாச்சி, கலெக்டர் அறிவிப்பை நான் போட்டோ எடுத்தே அனுப்பினேன். லீவுக்கு ஈடாக வைத்த சனிக்கிழமை கல்லூரி திறந்துதான் இருந்தது. அதற்குள் அவர் டெல்லி போய்விட்டார்.