மறு: அட்டைகளில் ‘ரேரிட்டி’ – அரும்படியா, தட்டா?

அன்பர்களுக்கு வணக்கம்.

சேகரிப்பு அட்டை எவ்வளவு அரிது என்பதைக் குறிக்கும் ‘ரேரிட்டி’க்குத் தமிழ்ச்சொல்லாகப் போன மடலில் வந்த ‘தரநிலை’யை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சேகரிப்பு அட்டைகளில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று, அச்சடிக்கும்போதே நிறுவனம் ஒதுக்கிவிடுவது. போக்கிமான் அட்டையின் கீழ் மூலையில் வட்டம் இருந்தால் சாதாரணம், சாய்சதுரம் இருந்தால் அதற்கு ஒரு படி மேல், நட்சத்திரம் என்றால் அரிது. இன்னொன்று, முனை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் 1 முதல் 10 வரை போடும் மதிப்பு. தரம் என்றால் இந்த இரண்டாவதுதான். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம். எங்கள் கீழக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சங்கு வலம்புரியா என்று பார்ப்பது வேறு, புழு அரித்திருக்கிறதா என்று பார்ப்பது வேறு.

ஆனால் வலம்புரியை அரிதாக்க யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. அட்டையில் போடுகிறார்கள். 1993இல் வந்த மேஜிக் என்ற அட்டை விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எந்த அட்டை என்று தெரியாமல் வாங்கும் அதன் 15 அட்டை பாக்கெட்டில் நெடுங்காலம் 11 சாதாரணம், 3 இடைப்பட்டது, 1 அரிது என்பதுதான் கணக்காக இருந்தது. 2008இல் அரிதுக்கு மேலே ‘மித்திக்’ என்று இன்னொரு படியைக் கூட்டினார்கள். அப்போது ஏறக்குறைய 8 பாக்கெட்டுக்கு ஒருமுறை, அரிய அட்டை இருக்க வேண்டிய இடத்தில் அது வந்தது.

கேட்டதும் எட்டு மடங்கு அரிது போலத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. அந்த ஆண்டு வந்த ஷார்ட்ஸ் ஆஃப் அலாரா தொகுப்பில் அரிய அட்டைகள் 53 வகை, மித்திக் 15 வகை. குறிப்பிட்ட ஒரு மித்திக் வேண்டுமானால் சராசரியாக 120 பாக்கெட் உடைக்க வேண்டும். குறிப்பிட்ட ஓர் அரிய அட்டைக்கு 60க்குச் சற்று மேல். ஆக, இரண்டு மடங்குதான்! விலையும் இந்த வரிசைப்படியே ஏறுவதில்லை. யாரும் ஆட எடுக்காத மித்திக் சீந்துவாரில்லாமல் கிடக்கும். ஆட்டக்காரர்கள் நாலு நாலாகத் தேடும் அரிய அட்டை அதைவிட நல்ல விலைக்குப் போகும். எனவே நாம் ஆக்கும் சொல்லில் எண்ணிக்கையும் நுழையக் கூடாது, விலைமதிப்பும் நுழையக் கூடாது. எந்தப் படியில் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

‘அரும்படி’ என்பது என் பரிந்துரை. அரும்பொருள், அருங்காட்சியகம் போன வழிதான். வரும்படியோடு எதுகை சேர்வது விற்பவர்களுக்குப் பிடிக்கும்.

எங்கள் தெருப் பெட்டிக்கடையில் போலி போக்கிமான் பாக்கெட் விற்கிறார்கள். பிரித்தால் உள்ளே அத்தனையும் தங்க நிறம். முதல் இரண்டு நாள் பையன்கள் தலைகால் புரியாமல் ஆடினார்கள். இப்போது பத்து தங்க அட்டை கொடுத்தாலும் ஒரு கோலிக்குண்டு பெயராது.

கீழக்கரையிலிருந்து

———

> ‘அரும்படி’ என்பது என் பரிந்துரை.

காக்கா (நம் பக்கத்தில் அண்ணன்), இரண்டு இடத்தில் இடிக்கிறது. ‘படி’ என்றால் பிரதி என்றும் பொருள் உண்டு. அரும்படி என்று படிக்கிறவர் அரிய பிரதி என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்புறம், சாதாரண அட்டைக்கு எப்படி அரும்படி வரும்?

‘தட்டு’ என்று வைத்தால் என்ன? அடித்தட்டு, நடுத்தட்டு, மேல்தட்டு என்று நாம் மனிதரையே பிரித்துப் பேசிப் பழகியவர்கள். மித்திக்குக்கு உச்சித்தட்டு. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பெரியபட்டினத்திலிருந்து

———

தம்பி, இரண்டாவது இடியை நான் ஒத்துக்கொள்ளவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீருக்கும் ஆழம் என்றுதானே சொல்கிறோம்? ஆனால் முதல் இடி சரியான இடி. படியை விட்டுவிடுகிறேன், தட்டே இருக்கட்டும். ‘தட்டு அட்டை’ என்று சேர்த்துச் சொன்னால் நாக்கு தடுக்கும், மேல்தட்டு அட்டை என்றால் தடுக்கவில்லை.

மிச்சம் இருப்பது, எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று கிடைக்கும் என்ற விகிதம். அதற்கு நம் கரையிலேயே சொல் கிடக்கிறது: பாடு. இன்று மீன்பாடு எப்படி, எவ்வளவு கிடைத்தது என்று கேட்பதில்லையா, அந்தப் பாடு. ‘இந்தத் தொகுப்பில் உச்சித்தட்டுப் பாடு 8 பாக்கெட்டுக்கு 1’ என்று எழுதிப் பார்த்தேன். எழுதிய பிறகுதான் கவனித்தேன், தட்டும் பாடும் சேர்ந்து தட்டுப்பாடு என்றே வந்து நிற்கிறது. நான் திட்டமிட்டுச் செய்யவில்லை, நிறுவனங்கள் செய்கின்றன.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் தட்டு, பாடு, தரம் மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.