புதுப்பிப்பு: வெளிர் நிறத் தோல் இருக்கையில் ஏறிய நீலக் கறை

காரின் ஓட்டுநர் இருக்கையில் ஜீன்ஸ் சாயம் ஏறி வெளிர் தோல் நீலம் பாரித்திருப்பதையும், ஓரத்தில் ஒரு பேனாக் கோடு விழுந்திருப்பதையும் முன்பு எழுதி வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. நீலம் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. பேனாக் கோடு மங்கியதோடு நிற்கிறது.

முதலில் மறைவான இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தேன். மணியாக நின்றது; மேலே காப்புப் பூச்சு உள்ள தோல் என்று தெரிந்தது. (நீர் உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால் பூச்சில்லாத வகை, அதற்குக் கீழே சொல்லும் வழி வேண்டாம்.) பிறகு தோலுக்கென்றே விற்கும் சுத்திகரிப்பானை மென்மையான பிரஷில் நுரைக்கவைத்து, உள்ளங்கையளவு இடமாகத் தேய்த்து, அழுக்கு நுரையை உடனுக்குடன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தேன். இந்த ஒற்றியெடுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. நுரையைக் காயவிட்டால் கரைந்த சாயம் மடிப்பிலும் தையலிலும் மறுபடி படிந்துவிடும். துளையிட்ட பகுதியில் துணியை மட்டுமே நனைத்துத் துடைத்தேன்.

அசிட்டோன் பரிந்துரைத்தவர்களே, தயவுசெய்து யாருக்கும் அதைச் சொல்லாதீர்கள். கறையோடு பூச்சையும் கரைத்துவிடும். மெலமைன் பஞ்சும் (கறை அழிக்கவென்று விற்கும் வெள்ளை நுரைப் பஞ்சு) நுண்ணிய உப்புத்தாளைப் போல மேற்பரப்பை அராவும்.

பேனாக் கோட்டின் மை பூச்சுக்குள்ளேயே ஊறிவிட்டது. இனியும் தேய்த்தால் தோலின் நிறமே போகும் என்பதால், தோலுக்கு நிறம் பூசும் தொழில் தெரிந்தவரிடம் காட்டப்போகிறேன். மற்ற இடங்களில் நன்கு உலர்ந்தபின் சாயத்தடுப்புப் பூச்சு கொடுத்துவிட்டேன்.