சொந்த நாடா, குடியேறிய நாடா: எந்தக் கணக்கை நம்புவது?

கேள்வி:
குடியேறிய நாட்டிலேயே இருந்துவிடுவதா, திரும்புவதா என்று முடிவெடுக்க இரண்டு நாட்டு வாழ்க்கையையும் தாளில் எழுதி ஒப்பிட வேண்டும். சம்பளத்தை மாற்று விகிதத்தில் பெருக்கினால் குடியேறிய நாடு ஜெயிக்கிறது. விலைவாசியைச் சேர்த்தால் தலைகீழாகிறது. எது சரி?

பதில் 1:
இரண்டும் சரிதான், வேறு வேறு பணத்துக்கு. சம்பாதிக்கிற நாட்டிலேயே செலவாகிற பணத்தை வாங்கும் திறன் சமநிலை விகிதத்தில் மாற்றுங்கள். ஒரே மாதிரிப் பொருள்களை வாங்க ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு பணம் வேண்டும் என்பதை வைத்துப் போடும் விகிதம் அது. உலக வங்கித் தளத்தில் நாடுவாரியாக இலவசமாகக் கிடைக்கும். சேமித்துச் சொந்த நாட்டில் செலவழிக்கப்போகிற பணத்துக்கு மட்டும் சந்தை மாற்று விகிதம். முழுச் சம்பளத்தையும் ஒரே விகிதத்தில் பெருக்குவதால்தான் குழப்பம்.

அந்தச் சமநிலை விகிதமும் சராசரிதான். கைபேசி, மடிக்கணினி விலை நாட்டுக்கு நாடு அவ்வளவாக மாறாது. முடிவெட்டு, வீட்டு வேலை, குழந்தைக் காப்பகம் போல ஆள் உழைப்பில் நடப்பவை, சம்பளம் குறைந்த நாட்டில் மலிவு. 1964இல் பொருளியலாளர்கள் பலாசா, சாமுவேல்சன் இருவரும் தனித்தனியே விளக்கியது இதைத்தான். ஆகவே கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு வரும் விடை, தனி ஆளுக்குப் பொருந்தாது. உங்கள் செலவுப் பட்டியலையே வைத்துப் போடுங்கள்.

பதில் 2:
நேரத்தையும் சேருங்கள். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் வாடகை, பயணச் செலவு, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் மூன்றையும் கழியுங்கள். காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய ஆண்டுத் தொகை ஒன்று சில நாடுகளில் உண்டு. அதை 12ஆல் வகுத்து அதையும் கழியுங்கள். பலர் விட்டுவிடுவது இங்கேதான்.

மீதி 880 என்று வையுங்கள். தினம் 8 மணி நேரம், 22 நாள் என்றால் 176 மணி. மணிக்கு 5 நிற்கிறது. போகவர 2 மணி நேரம் ஆனால் 220 மணி, மணிக்கு 4தான். இதே கணக்கை மறு நாட்டுக்கும் போட்டு, பதில் 1இல் சொன்னபடி ஒரே நாணயத்துக்கு மாற்றி, இரு நாட்டிலும் மணிக்கு நிற்பதை ஒப்பிடுங்கள்.

பதில் 3:
திரும்பும் தேதியை முடிவுசெய்யும் முன் ஓய்வூதிய விதியைப் படியுங்கள். ஜெர்மனியில் குறைந்தது 5 ஆண்டு பங்களிப்பு வேண்டும். அமெரிக்காவில் 40 கிரெடிட், அதாவது வேலை வருமானத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள். ஆண்டுக்கு அதிகபட்சம் 4தான் கிடைக்கும் என்பதால் குறைந்தது 10 ஆண்டு. சில மாதம் முன்னால் கிளம்பி உரிமையை இழப்பது பெரிய நஷ்டம். இரு நாடுகளுக்கிடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்து ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். வரிக்குப் பல நாடுகளில் 183 நாள் எல்லை உண்டு, அதைத் தாண்டித் தங்கினால் அந்நாட்டில் வசிப்பவராகக் கருதி வரி போடுவார்கள். ஆனால் வீடு, குடும்பம் எங்கே என்றும் பார்ப்பார்கள். நாளை மட்டும் எண்ணி நம்பிவிடாதீர்கள்.

பதில் 4:
பணம் சரி, மனசுக்கும் ஒரு கணக்கு உண்டு. புது நாட்டில் முதலில் எல்லாம் பிடிக்கும், பிறகு எல்லாம் எரிச்சலூட்டும், அப்புறம் பழகும் என்று மானிடவியலாளர் காலெர்வோ ஓபர்க் 1960இல் எழுதினார். திரும்பிப் போனாலும் இதே ஏற்ற இறக்கம் இன்னொரு முறை வரும் என்று 1963இல் ஆய்வாளர்களான கலஹார்ன் தம்பதி காட்டினார்கள். எல்லாருக்கும் அச்சுப்போல நடக்காது. ஆனாலும் எரிச்சல் உச்சத்தில் இருக்கும்போது முடிவெடுக்காதீர்கள்.

விடுமுறையில் பார்த்த சொந்த நாட்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். அங்கே நீங்கள் விருந்தாளி. முடிந்தால் வேலையோடு 3 மாதம் தங்குங்கள். மின் இணைப்பு, மருத்துவமனை, பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் நீங்களே வரிசையில் நில்லுங்கள், யாரையும் அனுப்பாமல்.